அழகர்மலையின் இரண்டு பக்கங்கள்

கேள்வி இது: குடும்பத்தோடு மதுரைக்கு வருகிறோம். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்த பிறகு ஒரு நாள் மிஞ்சும். அதில் அழகர்மலைக்குப் போகலாமா? நடந்து ஏற முடியுமா? அந்த மலைக்கு என்னென்ன கதைகள் உண்டு?

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஒரு நாளை முழுதாக மலைக்கே கொடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அழகர்கோயிலுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் வேன் பிடித்துப் போய், கீழே பெருமாளைச் சேவித்து, மேலே முருகனைக் கும்பிட்டு, நூபுர கங்கையில் தலையை நனைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடுகிறார்கள். சாமி கும்பிட அது போதும். மலையைப் பார்க்க அது போதாது. கோயில் இருக்கும் பக்கம் போக, கிடாரிப்பட்டி என்ற ஊர் இருக்கும் பக்கம் ஒன்று உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மதுரைக் கடைத்தெருவில் உப்பும் துணியும் விற்றவர்களின் பெயர்கள் அங்கே பாறையில் இருக்கின்றன. அதையும் பார்த்தால்தான் இந்த மலைக்கும் மதுரைக்கும் உள்ள உறவு புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டரில் அழகர்கோயில். பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் டவுன் பஸ் இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் யானைமலை தெரியும். படுத்திருக்கும் யானையேதான். சமணர்கள் வேள்வி செய்து மதுரை மீது ஏவிய யானையைச் சோமசுந்தரர் நரசிங்க அம்பு எய்து கல்லாக்கினார் என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. ஊருக்கு மேற்கே இருக்கும் நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே போலப் பாம்பும் பசுவும் வந்த கதைகள் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் இப்படிச் சமயப் போரின் கதைகளைச் சுமந்து நிற்கின்றன. அழகர்மலையின் கதைகள் வேறு மாதிரியானவை. அவை தண்ணீரைப் பற்றியும் காவலைப் பற்றியும் பேசுகின்றன.

காவலில் இருந்து தொடங்குகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டைச் சுவரைக் கடந்து உள்ளே போனால், பெருமாள் கோயிலின் ராஜகோபுரத்துக்கு முன்பாக மக்கள் ஒரு பெரிய கதவைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அதுதான் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னிதி. உள்ளே சிலை இருக்கும் என்று எட்டிப் பார்க்காதீர்கள். சிலை கிடையாது, மூடிய கதவுதான் தெய்வம். சந்தனம் பூசி மாலை சாத்திய அந்தக் கதவுக்கு எலுமிச்சம்பழமும் அரிவாளும் காணிக்கையாக வருகின்றன. அழகரின் சக்தியைக் கவர்ந்து போக மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்கள், பிடிபட்டார்கள், ஒவ்வொரு படிக்குக் கீழும் ஒருவராகப் புதைக்கப்பட்டார்கள், அவர்களோடு காவலாக வந்த கருப்பன் அழகரின் அழகில் மயங்கி இங்கேயே காவல் தெய்வமாக நின்றுவிட்டான் என்பது கதை. சுற்று வட்டாரக் கிராமங்களில் வழக்கு முற்றிப்போனால், ‘பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் செய்’ என்பார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிவதில்லை. சித்திரைத் திருவிழாவுக்காக அழகர் மதுரைக்குப் புறப்படும்போது, அவர் அணிந்து போகும் நகைகளின் பட்டியலைக் கருப்பர் முன்னால் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பல்லக்கு நகரும். திரும்பி வரும்போது கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

அந்தச் சித்திரைத் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆண்டுக்கொரு முறை மலையே ஊருக்குள் இறங்கி வருவது போன்ற விழா அது. தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு அழகர் கள்ளர் வேடத்தில் புறப்பட்டு வருகிறார். வைகையை அடையும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. கோபம் கொண்டு ஊருக்குள் போகாமலே ஆற்றோடு வண்டியூர் போய்விடுகிறார் என்று மக்கள் சொல்வார்கள். கோயில் மரபு சொல்லும் காரணம் வேறு: துர்வாசரின் சாபத்தால் தவளையாகிக் கிடந்த முனிவருக்கு விமோசனம் தர வருகிறார். முற்காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கம் உள்ள தேனூரில். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருக்கல்யாணத்தோடு இணைத்தார். சைவ விழாவும் வைணவ விழாவும் ஒரே மாதத்தில், ஒரே ஊரில், ஒரே கூட்டத்துக்கு நடக்கும்படி செய்த அந்த ஏற்பாட்டை நான் மிகப் பெரிய அரசியல் அறிவாக மதிக்கிறேன். நீங்கள் சித்திரா பௌர்ணமியை ஒட்டி வருவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த நாட்களில் உற்சவர் மலையடிவாரத்தில் இருக்க மாட்டார், மதுரையில் பக்தர்கள் அவரை எழுந்தருளச் செய்யும் மண்டபங்களான மண்டகப்படிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருப்பார்.

இப்போது ஏறும் வழி. அடிவாரத்திலிருந்து நூபுர கங்கை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஏறத்தாழ மூன்று, நான்கு கிலோமீட்டர். வேன்கள் போகின்றன, டிக்கெட் வாங்கி ஏறிக்கொள்ளலாம். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் அதில் போகட்டும். மற்றவர்கள் நடந்து ஏறுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. செங்குத்தான ஏற்றம் இல்லை, வளைந்து வளைந்து போகும் சாலை. வழி நெடுக மர நிழல். வேனில் ஐந்தாறு கொண்டை ஊசித் திருப்பங்களாகக் கழிந்துபோகும் இடத்தில், நடப்பவருக்கு ஓடையின் சத்தம் எந்த வளைவில் தொடங்குகிறது என்பது தெரியும். காலை ஏழு மணிக்குள் தொடங்கிவிட்டால் வெயில் உறைக்காது.

ஐப்பசியில் அழகரும் இந்த மலைக்கு ஏறி வருகிறார். தைலக்காப்பு உற்சவம் என்று பெயர். பல்லக்கில் புறப்பட்டு, வழியில் அனுமார் தீர்த்தத்திலும் கருட தீர்த்தத்திலும் நின்று தீபாராதனை ஏற்று, மேலே மாதவி மண்டபத்தில் தைலம் சாத்திக்கொண்டு, நூபுர கங்கையில் நீராடித் திரும்புவார். ஐப்பசி வளர்பிறைத் துவாதசி அன்று அங்கே இருக்க முடிந்தால், சித்திரைக் கூட்டத்தின் நெரிசல் இல்லாமல் அழகரை மிக அருகில் பார்க்கலாம்.

சாலையில் முதலில் வருவது பழமுதிர்சோலை. முருகனின் ஆறாம் படைவீடு. மாடு மேய்க்கும் சிறுவனாக நாவல் மரத்தின் மேல் உட்கார்ந்து, ‘சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா’ என்று ஔவையைக் கேட்ட கதை நடந்த இடம் இது என்பது நம்பிக்கை. மண்ணில் விழுந்த பழத்தை எடுத்து ஔவை ஊத, ‘பழம் சுடுகிறதா பாட்டி’ என்று கேட்ட கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். குழந்தைகளை அந்த நாவல் மரத்தடியில் நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள். ஊரில் நாவல் பழுக்கும் பருவம் தாண்டி, இந்த மரம் ஐப்பசியில் கந்த சஷ்டி சமயத்தில் பழுக்கும் என்று சொல்கிறார்கள். இப்போதுள்ள கோயில் கட்டடம் பழையது அல்ல. திருமுருகாற்றுப்படையின் இறுதி அடியில் வரும் ‘பழமுதிர்சோலை மலை’ இந்த ஒரு மலையைத்தான் குறிக்கிறதா, பழம் உதிரும் சோலைகள் உள்ள எல்லா மலைகளையும் குறிக்கிறதா என்று தமிழறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அதில் எந்தக் கட்சியில் இருந்தாலும், அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு வாருங்கள். தேனடையும் பலாச்சுளையும் யானையும் குரங்கும் பன்றியும் சிதறி ஓடும்படி அருவி ஒன்று மலையிலிருந்து இறங்கும் காட்சி அது. மழைக்காலம் முடிந்த கையோடு ஏறினால் அந்த வரிகள் சும்மா எழுதப்பட்டவை அல்ல என்று தெரியும்.

இன்னும் மேலே போனால் நூபுர கங்கை. சிலம்பாறு என்றும் பெயர். திருமால் உலகளந்தபோது மேலே நீண்ட திருவடியைப் பிரம்மன் கழுவினான், அந்த நீர் காற்சிலம்பில் பட்டுத் தெறித்து இங்கே ஆறாக விழுந்தது என்பது தல வரலாறு. ராக்காயி அம்மன் அந்தத் தண்ணீருக்குக் காவல். ஊற்று பிறக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. பாறைக்குள்ளிருந்து வந்து மண்டபத்துக்குள் விழுகிறது. வரிசையில் நின்று நனைந்தால் முதலில் பல் கிட்டும் அளவுக்குக் குளிரும். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். கோடையிலும் வற்றாத இந்த நீரில்தான் அழகருக்குத் திருமஞ்சனம். வேறு தண்ணீர் பட்டால் அபரஞ்சிப் பொன்னால் ஆன உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் சித்திரையில் மதுரைக்குப் போகும்போதும் அவருக்கான தண்ணீர் இங்கிருந்து போகிறது. அடிவாரத்துக் கோயிலின் பிரசாதமான தோசைக்கும் இந்தத் தண்ணீர்தான்.

அந்தத் தோசையைப் பற்றிச் சொல்லாமல் போனால் மதுரைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஹோட்டல் தோசை போல மெல்லியது அல்ல. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, நெய்யில் பொரித்தெடுத்த தடித்த வட்டம். மேல்புறம் கருஞ்சிவப்பாக மொறுமொறுவென்றும் உள்ளே கெட்டியாகவும் இருக்கும். கடிக்கும்போது முழு மிளகு அகப்படும். சட்னி எதுவும் வேண்டாம், ஒன்றே வயிற்றை நிறைத்துவிடும். சுற்றுப்புற விவசாயிகள் விளைச்சலில் முதல் பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவது வழக்கம். அந்தத் தானியமே தோசையாகி அவர்கள் கைக்குத் திரும்புகிறது.

மேலேயிருந்து இறங்கியதும் பெருமாள் கோயிலுக்குள் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே பதினொரு மணிக்குள் கீழே இருப்பது நல்லது. கருவறைக்கு மேல் எழும் சோமச்சந்த விமானம் வட்ட வடிவமானது. நம் ஊர்க் கோயில்களில் இப்படி ஒன்று அரிது. கல்யாண மண்டபத்தில் இரணியனை மடியில் கிடத்திப் பிளக்கும் நரசிம்மரின் சிற்பத்தின் முன்னால் சிறிது நேரம் நில்லுங்கள். நாயக்கர் காலச் சிற்பிகள் கல்லைக் கொண்டு எதுவரை போனார்கள் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. இந்தப் பெருமாளுக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக ஆண்டாள் பாடினாள். பிற்காலத்தில் ராமானுஜர் வந்து அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தினார் என்கிறது வைணவ மரபு. வெளிக்கோட்டையை ஒட்டிக் கட்டி முடிக்கப்படாமல் நிற்கும் ராயகோபுரத்தையும் பார்த்துவிடுங்கள். அடித்தளம் மட்டுமே இவ்வளவு நுணுக்கம் என்றால், முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது.

இந்த மலைக்கு மக்களை ‘வாருங்கள்’ என்று அழைக்கும் குரல் மிகப் பழையது. பரிபாடலின் பதினைந்தாம் பாடல், மனைவியோடும், பெற்றோரோடும், கையில் ஏந்திய குழந்தையோடும், அன்புக்குரியவர்களோடும் இருங்குன்றம் என்ற இந்த மலைக்குப் போங்கள் என்று சொல்கிறது. நீங்கள் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அடிகள்தான்.

சிலப்பதிகாரத்தில் வரும் குறிப்பு இன்னும் சுவையானது. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து போகும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். கொடும்பாளூருக்கு அப்பால் வழி மூன்றாகப் பிரியும் என்று அவன் சொல்கிறான். வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், அதாவது இந்த அழகர்மலை. அங்கே ஒரு பிலம், அதாவது குகை, இருக்கிறது, அதற்குள் மூன்று பொய்கைகள் இருக்கின்றன: புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் செய்த இலக்கண நூலின் அறிவு கிடைக்கும், பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு தெரியும், இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்தது நடக்கும். வழியில் வரோத்தமை என்ற தெய்வப்பெண் வந்து கேள்விகள் கேட்பாள், சரியாகப் பதில் சொன்னால் கதவைத் திறப்பாள் என்று ஆசை காட்டுகிறான். சமணத் துறவியான கவுந்தியடிகள் அதற்குச் சொல்லும் பதிலைத்தான் நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த இலக்கணம் எங்கள் அருகன் அருளிய நூலிலேயே இருக்கிறது. முற்பிறப்பில் செய்ததை இந்தப் பிறப்பிலேயே காண்கிறோமே. பொய்யாமல் வாழ்ந்து பிற உயிரைப் பேணுகிறவர்களுக்குக் கிடைக்காத பொருளும் உண்டா? நீ உன் தெய்வத்தைக் கண்டு தொழப் போ, நாங்கள் எங்கள் வழியில் போகிறோம். சண்டை இல்லை, ஏளனம் இல்லை. மூவரும் நடுவழியைப் பிடித்துப் போய்விடுகிறார்கள்.

கவுந்தியடிகள் ஒதுக்கிய அதே மலையில்தான் அவருடைய சமயத்துத் துறவிகள் வாழ்ந்த குகையும் இருக்கிறது. மதியத்துக்கு மேல் அங்கே போங்கள். அழகர்கோயிலிலிருந்து மேலூர் போகும் சாலைப் பக்கம் கிடாரிப்பட்டி. ஆட்டோ பிடித்தால் எளிது. ஊருக்குள் போய்ப் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ எங்கே என்று கேளுங்கள். ‘தமிழிக் கல்வெட்டு’ என்று கேட்டால் எல்லோருக்கும் புரியாது. வனவாசத்தில் பாண்டவர்கள் படுத்த இடம் என்று ஊரார் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சமணர் படுக்கை உள்ள குன்றுகள் பலவற்றுக்கு இதே பெயர்தான்.

சிறிது தூரம் பாறையில் ஏறினால் வாய் அகன்ற இயற்கைக் குகை வரும். உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் தலையணை போல உயர்த்தி விடப்பட்டிருக்கும். உள்ளே ஒரு சுனை. பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் பாறையில் வழிந்து குகைக்குள் வராமல், அந்த விளிம்பிலேயே சொட்டி வெளியே விழ வேண்டும் என்பதற்காக. மழைக்காலத்தில் போனால் அந்த ஏற்பாடு இன்றும் வேலை செய்வதைக் காணலாம்.

எழுத்துகள் இருப்பது அந்த விளிம்பை ஒட்டித்தான். தமிழ்-பிராமி, அல்லது தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்து. இவை கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. அரசன் பெயரைத் தேடாதீர்கள். மதுரைப் பொன்கொல்லன் ஒருவன். உப்பு வாணிகன் ஒருவன். பாணிதம் என்ற வெல்லப்பாகு விற்றவன், ஏருக்குக் கொழு விற்றவன், அறுவை என்ற துணி விற்றவன். துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுக்கச் செலவு செய்தவர்கள் இவர்கள். இவர்களுடைய சரக்குகளை வரிசையாக வைத்தால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மதுரைக் கடைத்தெரு கண்முன் வந்துவிடும். உண்ண உணவும் உடைமையும் இல்லாத துறவிக்கு ஓர் உப்பு வியாபாரி கொடுத்த கொடை, மன்னர்களின் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்திகளைவிட என்னை அதிகம் தொடுகிறது.

அதே இடத்தில் தீர்த்தங்கரர் உருவம் ஒன்றும், அதன் கீழ் அச்சணந்தி என்ற துறவியின் பெயரைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. அது ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுக் காலம். முதல் படுக்கைக்கும் இந்தச் சிற்பத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். ஞானசம்பந்தர் வந்து மதுரையில் சமணம் அழிந்தது என்று ஒரே வரியில் படித்திருக்கிறோம். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் மதுரைக்கு இவ்வளவு அருகில் சமணத் துறவிகள் சிற்பம் செய்வித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். நேர் வெயிலில் வெறும் கீறல் போலத்தான் தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் சுண்ணாம்புக் கட்டி தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இத்தகைய குகைகளில் காதலர் பெயர்களையும் அம்புக்குறி இதயத்தையும் கல்வெட்டின் மேலேயே கீறி வைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அழிந்தால் திரும்ப வராத எழுத்து அது. குழந்தைகள் உடன் வந்தால் தொடாமல் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

நடைமுறை விஷயங்கள் சில. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் கிடாரிப்பட்டிப் பாறை காலைச் சுடும். ஆடி அமாவாசை, ஆடிப் பௌர்ணமித் தேரோட்டம் போன்ற நாட்களில் மலைச்சாலையில் நடக்கவே இடம் இருக்காது. கோயில் பக்கம் குரங்குகள் அதிகம். தின்பண்டம், பை, கண்ணாடி எதையும் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். சாலையையும் கோயில் வளாகங்களையும் தாண்டிக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அது காட்டுமாடு நடமாடும் காடு. வீடியோக்களில் யாரோ போனார்கள் என்பதற்காக நீங்களும் தடம் தேடிப் போக வேண்டாம்.

கிடாரிப்பட்டியில் மூன்று மணிக்கு முடித்துவிட்டால், வண்டி இருப்பவர்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்கும் போகலாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கும் தமிழிக் கல்வெட்டு உண்டு. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் உண்டு. 2024-இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் ஊராக மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் குன்றுகளை அவற்றின் கீழ் வாழ்கிறவர்களே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், ஆகவே ஊருக்குள் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வழி கேட்டுப் போங்கள்.

பஸ்ஸில் வந்தவர்கள் அரிட்டாபட்டியை விட்டுவிடலாம். கிடாரிப்பட்டியிலிருந்து நேராக மேலூருக்கு வந்துவிட்டால் மாட்டுத்தாவணிக்கு அடிக்கடி பஸ் கிடைக்கும். அழகர்கோயிலுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.